குடை கொண்டுவந்தவர்

ஜனவரி 18

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, முதுகுவலி எப்படி இருக்கிறது என்று எழுது. போனில் கேட்கலாம்தான். ஆனால் போனில் நீ "சொல்லுக்கா, சொல்லுக்கா" என்கிறாய். நான் சொல்ல வாயெடுத்தால் "ஷாட் ரெடியாம், கூப்பிடறாங்க" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை நீ பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும்.

உன் அத்தான் போய் பதினோரு மாதம் ஆகிறது. நேற்று அலமாரியை ஒழிக்கும்போது அவர் போட்டோக்களை எடுத்துப் பரப்பினேன். எல்லாவற்றிலும் மனுஷர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார், கல்யாணப் போட்டோ உட்பட. ஃப்ளாஷ் அடிக்கப் போகிறது என்று தெரிந்தாலே முன்கூட்டி மூடிக்கொள்வார், உனக்குத் தெரியாததா. ஆபீஸ் அடையாள அட்டையிலும் தூங்குமூஞ்சிதான். முப்பது வருஷம் அந்த அட்டையைக் காட்டித்தான் வீடு வீடாகக் கரண்ட் மீட்டர் பார்த்தார்.

அவர் கண் திறந்திருப்பது உலகத்திலேயே ஒரே இடத்தில்தான். உன்னுடைய முதல் டிவி தொடரில், மறந்துபோன குடையைத் திருப்பிக் கொடுக்க வருவாரே, அதில். நேருக்கு நேர் பார்த்துப் பேசுவார். அதை எனக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும். உங்கள் டிவி நிலையத்தில் டேப் இருக்குமே, ஒரு காப்பி எடுத்து அனுப்பு. மாடியில் குடிவந்திருக்கும் டீச்சரிடம் டேப் போட்டுப் பார்க்கிற பெட்டி இருக்கிறது.

கொஞ்சம் சீக்கிரம் அனுப்பினால் நல்லது. கண்ணில் ஏதோ கோளாறு என்று டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். பயப்படும்படி ஒன்றுமில்லை.

உன் அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முதுகு தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. உன் கண்ணை ஒழுங்காகக் காட்டு, சொட்டு மருந்தோடு விட்டுவிடாதே.

குடைக் காட்சிதானே, இது ஒரு பெரிய விஷயமா? அனுப்பிவிடுகிறேன்.

எழுதும்போதே அந்த நாள் கண் முன்னால் வருகிறது. செட் போட நிலையத்தில் வழியில்லை என்று உன் வீட்டையே கதாநாயகி வீடாக்கியிருந்தேன். குடை கொண்டுவர வேண்டிய நடிகர் வரவில்லை. நான் தலையில் கை வைத்துக்கொண்டு உன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அத்தான் மீட்டர் நோட்டோடு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "அடுத்தவங்க வீட்டுக் கதவைத் தட்டணும், அவ்வளவுதானே? அதுல என்னைவிட அனுபவசாலி யாரு இருக்கா?" என்றார். யூனிட்டே சிரித்தது.

இங்கே வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. பிறகு விவரமாக எழுதுகிறேன்.

உன் வாலு


பிப்ரவரி 11

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் கையில் கிடைத்ததும் கால் தரையில் பாவவில்லை. மேலே போய் டீச்சரிடம் சொல்லிவிட்டேன். "வரட்டும்மா, சேர்ந்து பாக்கலாம்" என்றாள். நல்ல பெண், ஆனால் தொணதொணப்பு. என் வயசுக்கு அதுவும் வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு அவர் முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று அந்த ஒரு வரி வசனத்தை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தார் தெரியுமா? கோபமாக, கெஞ்சலாக, ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி. நான் அடுப்படியில் இருந்து "குடையைக் குடுத்துட்டு வாங்க, பொண்ணு கேக்கப் போகல" என்றேன்.

இப்போது வீட்டில் கண்ணாடி முன்னால் நிற்க ஆளில்லை. ஒருத்திக்கு என்ன சமையல். காலையில் வைத்ததே மாலைக்கும் ஆகிறது. சாயங்காலம் ஆறு மணி ஆனால் காது தானாகக் கதவுப் பக்கம் போகிறது. அவர் தட்டுவது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இரண்டு தட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. சொந்த வீட்டுக் கதவையும் அப்படித்தான் தட்டுவார். சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன்.

அவர் போய் பத்து நாள் கழித்து வந்தாய், ஒரு மத்தியானம் இருந்தாய், ஷூட்டிங் என்று கிளம்பிவிட்டாய். குறை சொல்லவில்லை. உன் தொழில் அப்படி. டேப்பை நேரில் கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது என்றுதான் சொல்ல வந்தேன்.

உன் அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியமா? பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே.

டேப் விஷயம் ஒரு சின்ன இழுபறி. பழைய டேப்புகள் எல்லாம் நிலையத்தின் ஸ்டோரில் இருக்கின்றன. அதற்கு ஓர் அதிகாரி. விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். மனுஷருக்குப் பருவம் மாறினால் ஜலதோஷம் வந்துவிடுமாம், பதினைந்து நாளாக லீவு. சாவி அவர் பையில். வேறு யாரிடமும் கொடுக்க மாட்டாராம், அவர் மனைவியிடம்கூட. வந்ததும் முதல் வேலை நம்முடையதுதான்.

கண் எப்படி இருக்கிறது?

உன் வாலு


ஏப்ரல் 2

வாலு,

சுகம். அவருக்கு ஜலதோஷம் தேவலையா என்று விசாரித்துவிட்டு எழுது. கண் அப்படியேதான் இருக்கிறது. வேறு டாக்டரையும் பார்த்தேன். அவரும் அதையேதான் சொன்னார்.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? வெயில் நேரத்தில் வெளியே போகாதே.

ஒரு நல்ல செய்தி. எனக்கு வாழ்நாள் சாதனை விருது கொடுக்கப்போகிறார்கள். ஜூலையில் விழா, டிவியிலும் காட்டுவார்கள். "உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். உட்கார்ந்து எழுதினேன். பத்தொன்பது வயதில் ஸ்டுடியோவில் கன்டினியூட்டி உதவியாளர், எந்தக் காட்சியில் நடிகர் சட்டைப் பொத்தான் எத்தனை போட்டிருந்தார் என்று நோட்டில் எழுதும் வேலை. அந்த இடத்தில் ஒரே பெண். பெண்ணுக்கென்று கழிப்பறைகூடக் கிடையாது, நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பேன். அப்புறம் எடிட்டிங் அறையில் ஆறு வருஷம். அப்புறம் சொந்தமாக ஒரு படம், ஓடவில்லை. டிவி நிலையம் ஆரம்பித்தபோது சினிமாக்காரர்கள் யாரும் அந்தச் சின்னப் பெட்டியை மதிக்கவில்லை, அதனால் என்னை உள்ளே விட்டார்கள். ஒரு பக்கத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. மீதி இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஸ்டோர் அதிகாரி விஷயம் கேட்டால் நீ நம்ப மாட்டாய். ஜலதோஷம் சரியாகி வேலைக்கு வந்தவர், வந்த மூன்றாம் நாள் ஏணியில் இருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். ஏணியில் எதற்கு ஏறினார் தெரியுமா? மேல் தட்டில் நாய்க்குட்டி ஒன்று மாட்டிக்கொண்டதாம். இரண்டு மாதம் ஆகும் என்கிறார்கள்.

உன் வாலு


மே 15

அன்புள்ள வாலுக்கு,

விருதுச் செய்தி கேட்டுக் கண் கலங்கிவிட்டது. அவர் இருந்திருந்தால் மீட்டர் பார்க்கிற வீட்டிலெல்லாம் சொல்லிவிட்டுத்தான் ரீடிங்கே எடுத்திருப்பார்.

அந்த ஸ்டோர் அதிகாரி. முதலில் ஜலதோஷம், பிறகு கால், நடுவில் நாய்க்குட்டி வேறு. நிஜ மனுஷர் யாரும் இவ்வளவு சுவாரசியமாக இருக்க மாட்டார்கள், வாலு. சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகாத நாளெல்லாம் நீ சொன்ன கதையிலும் ஒரு நாய்க்குட்டி வரும்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

எழுத்து பெரிசு பெரிசாக இருக்கிறதே என்று பார்க்காதே. இந்தப் பேனா அப்படி. ஜூலை வரைக்கும் பொறுக்கிறேன். அதற்கு மேல் பொறுப்பது என் கையில் இல்லை.

உன் அக்கா


ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து இரண்டரை மாதமாக ஒரு வரி இல்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. உடம்புக்கு என்ன?

நானும் உன் மே மாதக் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. எழுதினேன், நாலு தடவை. நாலையும் கிழித்துப் போட்டேன்.

விழாவை டிவியில் பார்த்தாயா? மேடையில் பெரிய திரை வைத்து நான் எடுத்ததிலிருந்து துண்டு துண்டாகக் காட்டினார்கள். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அப்புறம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். விருதுச் சிலை கனமாக இருந்தது, அதைத் தூக்கிக்கொண்டு நான் வாசலில் டாக்சிக்கு நின்றேன். வீட்டுக்கு வந்து அதைச் சாப்பாட்டு மேசையில் எதிர் நாற்காலிக்கு நேரே வைத்தேன். மூன்று வாரமாக அங்கேயேதான் இருக்கிறது. யாராவது எதிரில் உட்கார்ந்த மாதிரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வரி எழுது அக்கா. திட்டியாவது எழுது.

உன் வாலு


ஆகஸ்ட் 14

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கும் டீச்சர். உங்கள் கடிதத்தை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். இனிமேல் கடிதங்களை யாராவது வாசித்துத்தான் காட்ட வேண்டும். ஜூன் கடைசியிலிருந்து அவருக்குக் கண் தெரியவில்லை. வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரிகிறது. இதை உங்களுக்கு எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன்.

ஆறு மாதத்தில் பார்வை போய்விடும் என்று ஜனவரியிலேயே டாக்டர் சொல்லிவிட்டாராம். சொட்டு மருந்து என்றெல்லாம் உங்களிடம் சொன்னது உங்கள் வேலை கெடக்கூடாது என்றுதான்.

விழா நாளில் என் வீட்டு டிவி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உங்கள் குரல் வரும்போதெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார். அப்போது தொகுப்பாளர், "இவருடைய முதல் தொடரின் ஒரு பிரதிகூட இன்று இல்லை, காலம் அதை அழித்துவிட்டது" என்று சொன்னார். உங்கள் அக்கா எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே கீழே போய்விட்டார். மறுநாள் நான் கேட்டதற்கு, "போகுது விடு, அவ என்ன பண்ணுவா" என்றார். அதன் பிறகு போன் அடித்தால் எடுப்பதில்லை.

தப்பாக ஏதும் எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

மாடி வீட்டு டீச்சர்


ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இதை டீச்சர் வாசிப்பார். அவர் கேட்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

டேப் இல்லை அக்கா. இருபத்திரண்டு வருஷமாக இல்லை. ஸ்டோர் அதிகாரி என்று ஒருவர் பிறக்கவே இல்லை. நாய்க்குட்டியும் இல்லை. காலம் ஒன்றையும் அழிக்கவில்லை. மேடையில் அப்படிச் சொன்னபோது நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அழித்தது நான்.

அப்போது நிலையத்தில் டேப்புக்குப் பஞ்சம். ஒளிபரப்பானதை அழித்துவிட்டு அதே டேப்பில் அடுத்ததைப் பதிவு செய்வோம். மாதக் கடைசியில் ஒரு பட்டியல் வரும். எதை அழிக்கலாம் என்று தயாரிப்பாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். என் முதல் தொடருக்கு நேரே "அழிக்கலாம்" என்று எழுதி நானே கையெழுத்துப் போட்டேன். யாரும் வற்புறுத்தவில்லை. இரண்டாவது தொடருக்கு டேப் வேண்டியிருந்தது. எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அந்தத் தொடர்தான். அத்தான் மேலேதான் அதைப் பதிவு செய்தேன்.

அவர் ஞாபகம் வரவில்லையா என்று நீ கேட்பாய். வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குச் சாப்பிட வரப்போகிறேன், அவர் அங்கே உட்கார்ந்திருக்கப் போகிறார். அவரை எதற்குப் பத்திரப்படுத்துவது என்று நினைத்தேன். எனக்குப் புத்தி அவ்வளவுதான் இருந்தது.

இந்த மாதங்களில் தெரிந்த இடமெல்லாம் எழுதிக் கேட்டேன். யாரிடமாவது ஒரு காப்பி இருக்காதா என்று. கிடைக்கவில்லை. உன் கண் இப்படிப் போகும் என்று தெரிந்திருந்தால், என்று எழுத வந்தேன். தெரிந்திருந்தாலும் நான் பொய்தான் சொல்லியிருப்பேன். உன்னிடம் சொல்ல எனக்கு அவ்வளவு பயம்.

டேப்பை அழித்தவள் நோட்டை அழிக்கவில்லை. பத்தொன்பது வயதுப் பழக்கம், எந்த ஷூட்டிங் ஆனாலும் எல்லாவற்றையும் எழுதி வைப்பேன். அந்த நாள் நோட்டில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன். டீச்சர் நிதானமாக வாசிக்க வேண்டும்.

ஷாட் ஒன்று. தெரு. கேமரா எதிர் வீட்டு வாசலில். மழை பெய்து ஓய்ந்த மாதிரி தரையில் தண்ணீர் (வாளியில் ஊற்றியது). அவர் இடது பக்கத்திலிருந்து வருகிறார். வெள்ளைச் சட்டை, மேல் பொத்தான் போடவில்லை. வலது கையில் மடக்கிய குடை. தேங்கிய தண்ணீரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டுகிறார். இது நான் சொல்லிக் கொடுத்ததல்ல. நன்றாக இருக்கிறது, அப்படியே வைக்கலாம்.

ஷாட் இரண்டு. கதவு. தட்டுகிறார். இரண்டு தட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. டேக் ஒன்று வீண். கதவு திறந்ததும் பழக்கதோஷத்தில் நிமிர்ந்து மீட்டரைப் பார்த்துவிட்டார். டேக் இரண்டு வீண். திரும்பி என்னிடம் "சரியா வந்துச்சா?" என்று கேட்டார். டேக் மூன்று ஓகே. கேமராவுக்கு அவர் முதுகு. கதவு பாதி திறக்கிறது. உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு குடையை வாங்குகிறது. கதாநாயகி அன்று வரவில்லை, அவள் முகத்தைத் தனியாக ஸ்டுடியோவில் எடுக்க வேண்டும். கை அக்காவுடையது. வசனம்: "உங்க குடை. மழை நின்ன சந்தோஷத்துல விட்டுட்டுப் போயிட்டீங்க."

ஷாட் மூன்று. தலையைக் குனிந்துகொண்டு வந்த வழியே திரும்பிப் போகிறார். நடக்கும்போது தோள் கொஞ்சம் குலுங்குகிறது. சிரிக்கிறாரா? கேட்க வேண்டும்.

இவ்வளவுதான் இருக்கிறது. கேட்க மறந்துவிட்டேன்.

உன் வாலு


செப்டம்பர் 2

வாலுக்கு,

நான் சொல்கிறேன், டீச்சர் எழுதுகிறாள். ஒரு வார்த்தையைக்கூட மாற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

உடம்பு நன்றாக இருக்கிறது. உன் முதுகு எப்படி இருக்கிறது?

எனக்கு உன் மேல் கோபம் இருக்கிறது. டேப்பை அழித்ததற்கு இல்லை. ஜனவரியிலேயே "அதை நான் அழிச்சுட்டேன்க்கா" என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஒரு நாள் அழுதிருப்பேன், மறுநாள் எழுந்திருப்பேன். ஆறு மாதம் இல்லாத டேப்புக்காக என்னைக் காக்க வைத்தாய். அந்த ஆறு மாதமும் எனக்குக் கண் இருந்தது. நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் உன் முகத்தையாவது பார்த்து வைத்திருப்பேன். இது எனக்கு ஆறாது. நானும் கண் விஷயத்தை மறைத்தேன். அதற்கு நீ என்னைத் திட்டிக்கொள்.

இப்போது நோட்டு விஷயம். டீச்சர் மூன்று தடவை வாசித்தாள். முதல் தடவை அழுகையில் ஒன்றும் காதில் ஏறவில்லை. இரண்டாவது தடவை "கேமராவுக்கு அவர் முதுகு" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். முதுகா? நான் அவர் முகத்தையல்லவா பார்த்தேன்? நேருக்கு நேராக, கண் இரண்டையும் திறந்துகொண்டு. இத்தனை வருஷமும் அதை டிவியில் பார்த்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்தக் கையைப் பற்றி வாசித்தாள். புரிந்துவிட்டது. கதவுக்கு உள்ளே நின்றது நான். நீ தெருவில் இருந்து பார்த்தாய், நான் உள்ளே இருந்து பார்த்தேன். அவர் வசனத்தைச் சொல்லிவிட்டு, குடையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணைச் சிமிட்டினார். நான் "விடுங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றேன். "யாருக்கும் தெரியாது, என் முதுகுதான் தெரியும்" என்றார். அதனால்தான் தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டேதான் போனார்.

நான் பார்க்க ஆசைப்பட்டது உன் டேப்பில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, வாலு. அதை அழிக்க உன் கையெழுத்து செல்லாது.

அந்த நோட்டைக் கொண்டு வா. உள்பக்கத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன், எழுதிக்கொள். எனக்கும் மறதி வருகிறது. அந்தக் குடை இன்னும் கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்குகிறது.

உன் அக்கா


செப்டம்பர் 5

அக்கா,

முதுகு வலிக்கிறது. மற்றபடி நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் அதுவும் பொய்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஷூட்டிங் ஒன்றும் இல்லை. என்னை யாரும் வேலைக்குக் கூப்பிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. போனில் "ஷாட் ரெடி" என்று சொல்லி வைத்துவிட்டு அந்தப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், நீ திரும்பக் கூப்பிடுவாயா என்று. அத்தான் போனபோது பத்து நாள் கழித்து வந்தேனே, அப்போதும் வேலை இல்லை. அவர் இல்லாத உன் வாசலில் எப்படி நிற்பது என்று தெரியவில்லை.

நோட்டைப் பெட்டியில் வைத்துவிட்டேன். வியாழக்கிழமை காலை வருகிறேன், திரும்பிப் போக டிக்கெட் எடுக்கவில்லை. இரண்டு தட்டு தட்டுவேன், கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. டீச்சரை அனுப்பாதே. மெதுவாக வா, நான் நிற்கிறேன். நீயே வந்து கதவைத் திற.

வாலு